ஆயுசு கெட்டி

வாங்க அம்மிணி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஆரும் எடுக்க மாட்டாங்க. எடுக்கறதுக்கு இந்தப் படியேறி ஆராச்சும் வந்தாத்தானுங்களே? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், காலு ஆடும். இதுல உக்காருங்க.

யுனிவர்சிட்டியிலிருந்து வந்தீங்களாக்கு. நெம்ப சந்தோசம். டிவியும் பேப்பரும் ஃபோனும் சனத்தோட ஓட்ட எப்பிடி மாத்துதுன்னு ஆராய்ச்சி. ஏனுங்க, இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேணுமுங்களா? ஒரே வரியில சொல்றன், எழுதிக்குங்க. ஒண்ணும் மாத்தாது. டிவியில சொன்னா ஒரு காக்கா குருவி கூட நம்பாது. வேற ஆரு சொன்னாலும் நீங்க சந்தேகப்படலாம், நான் சொன்னா நம்போணும். இந்த மொட்டக்கரடு பேரூராட்சிக்கே லோக்கல் சேனல் நடத்தறவ நானு. நியூஸ் படிக்கறது, காதுகுத்துக்கு வாழ்த்துப் போடறது, சாவுச் செய்தி சொல்றது, எல்லாம் இந்தத் தொளசிமணி கொரலுதானுங்க.

அந்தச் சொவத்துல மால போட்டு மாட்டியிருக்கறது என்ற ஊட்டுக்காரரு. ராக்கியண்ணன். இந்த வார்டு கவுன்சிலரா இருந்தாரு. அவரு போனதுனாலதான் இந்த இடைத்தேர்தலே வருது. நான்தான் நிக்கறன். பின்ன, புருசன் செத்த எடத்துல பொண்டாட்டி நின்னா சனம் அள்ளி அள்ளிப் போடும்னு கட்சிக்காரங்க சொன்னாங்க. சொன்னாப் போதுங்களா? புருசன் செத்தான்னு நம்புனாத்தான போடுவாங்க.

சிரிக்காதீங்க அம்மிணி. நெசமாத்தான் சொல்றன். நீங்க ஒண்ணு கேட்டீங்க பாருங்க, போன தேர்தல்ல ஊரெல்லாம் கூட்டம் அலமோதுச்சு, மேக்கால வீதி பூத்துல மட்டும் ஏன் ஓட்டு விழுவலைன்னு. அந்தச் சனத்துக்கு அரசியல்ல ஆர்வம் இல்லீங்களான்னு. ஆர்வமா? அய்யோ சாமி, ஆர்வம் பொங்கி வழிஞ்சுதுங்க! அன்னிக்கு நடந்தது வேற. சொல்றன். ஆனா முழுசாக் கேக்கோணும். பாதியில எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி விசாரிச்சீங்கன்னா என்னையக் கொலகாரிம்பாங்க. ஊரு வாய மூட ஒல மூடி ஏதுங்க?

மேக்கால வீதி முச்சூடும் என்ற ஊட்டுக்காரருக்குப் பங்காளிக. நாங்களும் அதே வீதிதான், இந்த மொன ஊடு. அந்தக் கடேசி ஊடு அர்த்தநாரி மாமனுது. இவருக்குப் பெரியப்பன் மகன், அண்ணன் மொற. நல்ல மனுசன்தான், இல்லைன்னு சொல்லல. நாங்க கேபிள் தொழில் தொடங்குனப்ப மொத டிஷ் குடைய அவரு மொட்டமாடியிலதான் வச்சோம். எங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்க. "எதுக்குடா கவல? எம்பையன் உனக்கும் பையன்தான், உனக்குக் கொள்ளி அவன் வெப்பான்"னு இவருகிட்டச் சொன்னதும் அந்த மாமன்தான். இவரு அதக் கேட்டுட்டு அழுதுட்டாரு. இவருக்கு எதுக்கெடுத்தாலும் அழுகதான்.

அந்தப் பையனோட பொண்டாட்டி வாசுகி. படிச்ச புள்ள. படிச்சா என்னங்க, அடக்கம் வேண்டாமா? இவரு கவுன்சிலருக்கு நிக்கறாருன்னு ஊரே பேசீட்டு இருக்கறப்ப, நானும் நிக்கறன்னு வந்து நின்னா. சாக்கட, தண்ணிக் கொழா, தெருவெளக்குன்னு ஊடு ஊடாப் போயிப் பேசுனா. பேசீட்டுப் போகட்டும். "டிவியில வர்றவங்க டிவியிலயே இருப்பாங்க, நான் வீதியில இருப்பேன்"னு ஒண்ணு சொன்னா பாருங்க! நான் பதிலுக்கு ஒரு வார்த்த பேசலீங்க. அவ பேச்சையும் ஒரு நாள் சேனல்ல போட்டோம், நடுநிலைன்னு ஒண்ணு இருக்குதுல்ல? என்னமோ அவ வாயத் தொறக்கறப்ப மட்டும் சத்தம் வருல. மிசினு கோளாறு. அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?

ஆனா மேக்கால வீதி அவ பக்கமாச் சாஞ்சிருச்சு. கூடப் பொறந்த மாதிரி பங்காளி நிக்கறப்ப மருமவளுக்குப் போடுவீங்களான்னு கேட்டா, "ரெண்டும் நம்மூடுதான தொளசி"ன்னு இளிக்கறாங்க. அந்தப் பூத்து நெறஞ்சா இவரு அவுட்டுன்னு ஊருக்கே தெரியும். இவருக்கும் தெரியும். "போனாப் போகுது, அந்தப் புள்ளையே வரட்டுமே"ங்கறாரு. கட்டுன புருசன் பேசற பேச்சுங்களா இது?

இந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. ஆராச்சும் சீக்குல விழுந்தா அன்னிக்கே படத்த எடுத்து வச்சிரோணும். ஊர்ல நடக்கற கல்யாண வீடியோவெல்லாம் நம்மகிட்டத்தான இருக்குது. அதுல நல்லாச் சிரிச்ச மொகமா ஒண்ண வெட்டி, சுத்தி ரோசாப்பூ, ஓரத்துல குத்துவெளக்கு, கொட்டயெழுத்துல 'கண்ணீர் அஞ்சலி'. தேதிய மட்டும் காலியா உட்ரோணும். செத்ததுக்கப்பறம் படத்துக்கு ஓடுனா வேல ஆகாதுங்க. அர்த்தநாரி மாமனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னு சேலத்துல சேத்துனாங்க பாருங்க, அன்னிக்கே நான் தயாரு. நெம்ப லட்சணமா வந்திருந்துச்சு.

ஓட்டுப் பதிவு அன்னிக்குக் காலையில பாத்தா, வீதிக்குள்ள ஆம்புலன்ஸ் வருது. சத்தமில்லாம வருதுங்க. சத்தத்தோட வந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம், சத்தமில்லாம வந்தா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. மாமனூட்டு வாசல்ல நிக்குது. பின்னாலயே ஒரு டெம்போ வந்து பிளாஸ்டிக் சேரா எறக்கறான். சாமியானாக் கம்பி எறக்கறான். டீக் கேன் வருது. ஆம்புலன்ஸும் சேரும் சாமியானாவும் ஒரு ஊட்டு முன்னால வந்தா நீங்க என்னன்னு நெனப்பீங்க? கல்யாணம்னா நெனப்பீங்க? வாசுகிக்கு வேல செய்யறவங்க உக்கார எறக்குனதுன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?

"ஒரு ஃபோனு போட்டுக் கேட்டுட்டுப் போடலாம் தொளசி"ன்னாரு இவரு. கேக்கறதுக்கு நேரமுங்களா? செய்தின்னா முந்தோணும். நான் தேதியப் போட்டு, நாதஸ்வரத்தச் சோகமா ஓட உட்டு, என்ற கொரல்லயே படிச்சனுங்க. அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை, பங்காளிகள் அனைவரும் இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்னு. கொரலு கூடத் தழுதழுத்துப் போச்சு. அந்த மாதிரி இன்னொருத்தி படிக்க முடியாதுங்க.

எங்க வீதியில எழவு உழுந்தா அடுப்பு எரியாது. பொணத்த எடுக்கற வரைக்கும் ஒரு ஊட்லயும் பொக வராது, ஒரு சோலிக்கும் ஆரும் வீதியத் தாண்ட மாட்டாங்க. அன்னிக்கு நம்ம சேனல்தான் எல்லா ஊட்லயும் ஓடுது, ஓட்டுச் செய்தி பாக்கறதுக்கு. நான் படிச்சு முடிக்கல, வீதியே கப்சிப்னு ஆயிருச்சு. பாதி வெந்த இட்லிச் சட்டிய எறக்கி வச்சாங்களாமா. அரிசிம்பருப்புச் சோத்துக்குத் தாளிச்சிட்டிருந்தவ அப்பிடியே தண்ணிய ஊத்தி அமத்தீட்டாளாமா. நான் இந்த சன்னல்ல நின்னு மோந்து பாத்தனுங்க. ஒரு கடுகு வெடிக்கற வாசமில்ல. என்ன கட்டுப்பாடு பாருங்க! அப்ப எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு.

பொம்பளைக எல்லாம் முடிய அவுத்துப் போட்டு, மாருல அடிச்சுட்டு மாமனூட்டுக்கு ஓடறாங்க. "எங்க சாமீ, எங்களையெல்லாம் உட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு ஒப்பாரி. உள்ள போயிப் பாத்தா மாமன் கட்டில்ல சாஞ்சு உக்காந்து ரசஞ்சோறு தின்னுட்டு இருக்கறாரு. அவருதான் அடம் புடிச்சு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாராமா, மருமவளுக்கு ஓட்டுப் போடோணும்னு. சோத்துக் கையோட அவங்களப் பாக்கறாரு. எதுத்தாப்பல டிவியில அவரு படத்தையும் பாக்கறாரு. குத்துவெளக்கு எரியுது, நாதஸ்வரம் வாசிக்குது. "ராக்கியண்ணன் கல்யாணத்துல எடுத்த படம்"னாராமா. அது நெசந்தானுங்க, எங்க கல்யாணத்துல மாப்ளக்கிப் பக்கத்துல நின்னு சிரிச்ச படம். அத்தன லட்சணமான படம் வேற இல்ல.

அதுக்கப்பறம் நடந்ததுதான் உங்க கேள்விக்குப் பதிலு. உசுரோட இருக்கறவருக்கு ஒப்பாரி வச்சுட்டா அந்த வமிசத்துக்கே தோசமுங்க. பங்காளிக அத்தன ஊட்டு ஆணும் பொண்ணும் தல முழுகி, ஆத்தோரமா இருக்கற கொலதெய்வக் கோயிலுக்குப் போயி வெளக்குப் போட்டுட்டுத்தான் வேற சோலி பாக்கோணும். இல்லீன்னா ஒப்பாரி பலிச்சிரும். கோயிலு பக்கத்துலயா இருக்குது? ரெண்டு பஸ் மாறிப் போகோணும். வாசுகி கெஞ்சுனாளாமா, ஓட்டப் போட்டுட்டுப் போங்க, பூத்து இங்கதான இருக்குதுன்னு. "உன்ற மாமனார் உசுரு பெருசா, ஓட்டு பெருசா?"ன்னு கெழவனுக கேட்டுட்டாங்க. அவளும் போயி பஸ்ல ஏறீட்டா. மாமனையும் தூக்கி ஏத்தீட்டுப் போனாங்க. அவீங்க திரும்பி வர்றதுக்குள்ள பூத்துக் கதவச் சாத்தியாச்சு. அன்னிக்கு முழுக்க அந்தப் பூத்துல ஆபீசருக ஈ ஓட்டீட்டு இருந்தாங்க.

அவீங்க கோயிலுக்குப் போவாங்கன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் என்ன கனாக் கண்டனா? செய்தி வந்துச்சு, படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சதும் 'வருந்துகிறோம்'னு அடியில ஓட உட்டனா இல்லையா? சாயங்காலமே ஓட உட்டேன். இவருதான் விடிய விடிய பொலம்பறாரு, "தோசம் எனக்குந்தான, நானும் பங்காளிதான, நானும் போயி முழுகீட்டு வந்திருக்கோணும்"னு. நான் சொன்னேன், ஒப்பாரி வச்சவங்களுக்குத்தான் தோசம், வெக்காதவங்களுக்கு இல்ல, அந்த வமிசத்துல வாக்கப்பட்டு இத்தன வருசமாச்சு, எனக்குத் தெரியாத சாத்திரமான்னு. அதுக்கப்பறம் என்ற மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு.

இவரு செயிச்சாரு. வெடி போட்டோம். மறுநாளு நானே காமிராவத் தூக்கீட்டு மாமனூட்டுக்குப் போனனுங்க. 'செத்துப் பிழைத்த செம்மல்'னு ஒரு நிகழ்ச்சி பண்ணலாம்னு. மனஸ்தாபம் இருக்கக்கூடாது பாருங்க. "கோவிச்சுக்காதீங்க மாமா, செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. நான் உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கறேன்"னு மைக்க நீட்டுனேன். அந்த மனுசன் மைக்கப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. "ஆமா தொளசி. ஆயுசு கெட்டி"ன்னாரு. அவ்வளவுதான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கன்னு நெனச்சு, அத அப்பிடியே போட்டேன்.

இவருக்குத்தான் பதவி ஒட்டல. கவுன்சிலருன்னு ஆராச்சும் கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு. வீதியில நடந்தா எதுக்க வர்ற பங்காளிக மரியாதையா ஒதுங்கி நிக்கறாங்க, பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும், சோறு எறங்காதா? இவருக்கு எறங்கல. மாமனூட்டுக்குப் போயிக் கால்ல உழுந்துட்டு வர்றேன்னு துண்டத் தோள்ல போடுவாரு. கவுன்சிலரு போயி ஆரு கால்ல உழுகறதுன்னு நான் வாசல்ல நின்னு மறிப்பேன். துண்ட எடுத்து ஆணியில மாட்டீட்டு உக்காந்துக்குவாரு. எத்தன தடவ அந்தத் துண்டு தோளுக்கும் ஆணிக்கும் போயிட்டு வந்திருக்கும்! அந்த ஆணிதான், இப்ப படம் மாட்டியிருக்கறது.

அன்னிக்குக் காலையில குளிக்கப் போனவரு தொட்டிக்கிட்ட அப்பிடியே உக்காந்துட்டாரு. "தொளசி"ன்னாரு. போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. டாக்டரு வந்து கையப் புடிச்சுப் பாத்துட்டு, ஒதட்டப் பிதுக்கீட்டுப் போயிட்டாரு.

நான் என்ன பண்ணுவேன் அம்மிணி? எனக்குத் தெரிஞ்சதத்தான பண்ணுவேன். இவருக்கு முன்னயே ஒருக்கா நெஞ்சு அடைச்சப்ப படம் எடுத்து வச்சிருந்தேன். அப்பிடிப் பாக்காதீங்க. தொழில்ல புருசனென்ன, ஊரானென்ன? தேதியப் போட்டு நானே படிச்சேன். இந்தத் தடவ நெசமாவே கொரலு உடைஞ்சு போச்சு. பங்காளிகள் அனைவரும் இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்னு அதே மாதிரி படிச்சு முடிச்சேன். கதவத் தொறந்து வச்சுட்டு அவரு தலமாட்டுல உக்காந்தேன்.

ஒருத்தர் வருல.

என்ற பொறந்த ஊட்டுச் சனம் வேன்ல வந்து எறங்குச்சு. "பங்காளிக எங்க புள்ள? ஒருத்தரையும் காணம்?"னு என்ற அண்ணன் கேக்கறான். வருவாங்கன்னேன். கண்ணாலத்துக்கு வராட்டியும் எழவுக்கு வராம இருப்பாங்களா? தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. அப்பத்தான் அந்த வாசம் வந்துச்சுங்க. சன்னல் வழியா. கடுகு வெடிக்குது, கருவேப்பில பொரியுது. அரிசிம்பருப்புச் சோத்துக்குத் தாளிக்கறாங்க. ஒரு ஊடு இல்ல, வரிசையா எல்லா ஊட்லயும். ஒரு ஊட்ல கோழி வறுக்கறாங்க. உள்ள பொணம் கெடக்குது, வீதியில கோழி வாசம்! என்ற அண்ணன் மூக்கப் பொத்தீட்டு என்னையப் பாக்கறான். எனக்கு மானமே போச்சுங்க.

எந்திரிச்சுப் பக்கத்து ஊட்டுக்குப் போனேன். தலமாட்ட உட்டுப் போட்டு, நானே போனேன். "அக்கா, அவரு போயிட்டாருக்கா"ன்னேன். அவ கரண்டியோட வந்து நின்னா. "டிவியில பாத்தோம் தொளசி"ன்னா. "பாத்துட்டா வருல?"ன்னேன். "உன்ற டிவியிலதான பாத்தோம். நம்பி வந்து ஒப்பாரி வச்சு, மறுக்கா தோசம் வந்துருச்சுன்னா? வயசானவங்க எல்லாம் பஸ் மாறிக் கோயிலுக்குப் போக முடியுமா? பெரியவரு வந்து பாத்துட்டுச் சொல்றேன்னிருக்காரு. சொல்லட்டும், வர்றோம்"னா. மொகத்துல ஒரு சிரிப்பு இல்லீங்க. அடுப்புல தீயுதுன்னு உள்ள போயிட்டா.

சரி, மாமன் வரட்டும்னு உக்காந்திருந்தேன். அவரு வந்தாப் பையனும் வருவான், கொள்ளி வெக்க. குடுத்த வாக்கு இருக்குதுல்ல? வந்தாருங்க. பொழுது எறங்கற நேரத்துக்குக் கோல ஊனீட்டுத் தனியா வந்தாரு. இந்த எடத்துலதான், நீங்க உக்காந்திருக்கறீங்க பாருங்க, இங்கதான் சேர இழுத்துப் போட்டு உக்காந்தாரு. இவரு மொகத்தையே பாத்தாரு. நெஞ்சு மேல கைய வச்சாரு. மூக்குக்கிட்டப் பொறங்கைய வச்சுப் பாத்தாரு. கண்ணுல தண்ணி தளும்புச்சுங்க, நான் பொய் சொல்லல. இவரு தலமுடிய ஒதுக்கி உட்டாரு. மாமா, உங்க தம்பி உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாருன்னு நான் கத்தி அழுதேன். அந்த மனுசன் தலையாட்டீட்டு எந்திரிச்சாரு. "பாத்துட்டு வரச் சொன்னாங்க"ன்னாரு. வீதிக்குள்ள போனாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பாடைத் தேர் கட்டறதுக்கு மூங்கில எடுத்து வைங்கன்னு அண்ணங்கிட்டச் சொன்னேன்.

வீதி நடுவுல எல்லாரும் நின்னாங்களாமா. பையனும் வேட்டியெல்லாம் மாத்தித் தயாரா நின்னானாமா. மாமன் போயிக் கோல ஊனி நின்னு சொன்னாராமா:

"பாத்துட்டேன். மூச்சு ஓடுது. அவனுக்கு ஆயுசு கெட்டி. போயிச் சாப்புடுங்க."

கேட்டீங்களா அம்மிணி? இதுக்கு என்னங்க பேரு? நெஞ்சுல ஈரமுள்ளவன் பேசற பேச்சா? ஒரு மனுசன் செத்துக் கெடக்கறப்ப உசுரோட இருக்கான்னு பொய் சொல்ல ஆருக்காச்சும் மனசு வருமுங்களா? அதையும் ஒரு வீதியே நம்புதுன்னா! கண்ணெதுக்க இருக்கற ஊட்டுக்கு ஒரு எட்டு வந்து பாக்காம, எவனோ சொன்னான்னு சோத்துல கைய வச்சாங்க பாருங்க, அந்தச் சனத்த வச்சு நீங்க என்னத்த ஆராய்ச்சி பண்ணுவீங்க?

பேரூராட்சி வண்டி வந்துச்சு. கவுன்சிலருன்னு அதுக்கு மட்டும் பூவு சுத்தீருந்தாங்க. கரண்ட்டுல எரியூட்டற எடத்துல வேலக்காரன் ஒருத்தன், "கொள்ளி வெக்கறவங்க ஆருங்க?"ன்னு கேட்டான். ஆரும் முன்னால வருல. அவனே பட்டன அமுக்கீட்டான்.

இப்ப ஓட்டுக் கேட்டுப் போறனுங்க, ஊடு ஊடா. வேற வழி? மேக்கால வீதியில நின்னு கும்புட்டா, ஒவ்வொரு ஊட்லயும் சொம்புல தண்ணி குடுத்து, கவுன்சிலரு சௌக்கியமான்னு கேக்கறாங்க. பொட்டில்லாத என்ற நெத்தியப் பாத்துட்டே கேக்கறாங்க. நேத்து அர்த்தநாரி மாமனூட்டுக்கும் போனேன். வாசுகி மறுக்காவும் நிக்கறா, அவ உள்ள இருந்தா. மாமன் வெளிய கட்டில்ல. ஒரு ஓட்டுப் போடுங்க மாமான்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

"போட்டுட்டாப் போச்சு"ன்னாரு. "எந்தம்பிய அனுப்பி வையி தொளசி. அவன் வந்து கேக்கட்டும்."

சரிங்க, அடுத்த கேள்வி என்ன? கேளுங்க அம்மிணி. தண்ணி குடிக்கறீங்களா?